கொட்டாயில் ஓடிய சண்டைப்படம்

— நிறுத்துங்க பாய்! அங்கயே நிறுத்துங்க!

— நிறுத்திட்டேன் அண்ணே. கையை உதறாதீங்க, டீ கீபோர்டு மேல சிந்துது.

— டீ கெடக்குது. யாரு அது? மண்ணு மூட்டைக்குப் பக்கத்துல செத்துக் கெடக்கறாரே, அந்தச் சிப்பாயி?

— அதை உங்க வாயால சொல்லட்டும்னுதான் நான் சும்மா இருந்தேன். உங்கப்பாவுக்கு இருந்தாப்பலயே புருவத்துல வெட்டு இருக்குது, பாத்தீங்களா? இருங்க, ஜூம் பண்றேன்.

— எங்கப்பனைப் போயி... அட போங்க பாய். நாளைக்குப் பதினாறாம் நாளு, படத்திறப்பு. பொணமாக் கெடக்கற படத்தையா மாலை போட்டுத் தெறந்து வெக்கச் சொல்றீங்க? நான் கேட்டது என்ன, நீங்க காட்டறது என்ன?

— கோவிச்சுக்காதீங்க அண்ணே. "எங்கப்பா கருப்பண்ணன் ஒரு போட்டா எடுக்க வுட்டதில்ல, ஆதார் கார்டுல இருக்கறதைப் பெருசு பண்ணா புள்ளி புள்ளியா ஒடையுது, எங்கியாச்சும் தேடிப் புடிச்சுக் குடுங்க பாய்"னு சொன்னது நீங்கதான். கல்யாண வீடியோ வேலையெல்லாம் ஓரங்கட்டிட்டுத் தேடுனேன். வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் அந்தக் காலத்து ரீலையெல்லாம் நெட்டுல போட்டு வெச்சிருக்கறான். இது சீனாச் சண்டை சமயத்துல எடுத்தது. உங்கப்பா அப்ப பட்டாளத்துலதானே இருந்தாரு?

— இருந்தாரு. ஆனா அடிபட்டேன், வுழுந்தேன்னு ஒரு நாளும் சொன்னதில்லையே. சாகறவரைக்கும் ஒடம்புல குண்டடிபட்ட தழும்பு ஒண்ணு கெடையாது. இது வேற எவனோ.

— ஆளு மாறிப்போச்சுன்னா மன்னிச்சுக்குங்க. புருவத்தைப் பாத்து நானா...

— இருங்க. அந்தக் காலைக் காட்டுங்க.

— காலா?

— கீழ, கீழ எறக்குங்க. பூட்ஸு ரெண்டும் எப்படி இருக்குதுன்னு பாக்கணும்.

— எடது காலு வலது கணுக்கால் மேல கொக்கி போட்டாப்பல இருக்குது. வலது கையை மடிச்சுக் கன்னத்துக்கு அடியில குடுத்திருக்கறாரு.

— மாறலை பாய். ஆளு மாறலை. எங்கப்பந்தான்.

— காலைப் பாத்தா சொல்றீங்க?

— ஒரே வூட்டுல அவுருகூட அறுவது வருசம் படுத்தவன் நானு. கன்னத்துக்குக் கையி, கணுக்காலுக்குக் காலு. அப்பிடித்தான் தூங்குவாரு. பதினாலு நாளைக்கு முந்தி காத்தால நான் போயிப் பாக்கும்போதும் அப்பிடியேதான் கெடந்தாரு. தூங்கறாருன்னு நெனச்சு, போர்வையை இழுத்து வுட்டுட்டு மாட்டைக் கட்டப் போயிட்டேன் பாய். அப்புறமேட்டுத்தான் தெரிஞ்சுது.

— தண்ணி குடிங்க அண்ணே. ஃபேனைத் திருப்பி வெக்கறேன். தக்காளி மண்டிக்காரனுங்க ஹாரன் அடிச்சே நம்மளைச் சாகடிச்சுருவானுங்க, கதவையும் சாத்திடறேன்.

— பாய், இது என்னிக்கு எடுத்தது?

— அறுவத்திரெண்டு நவம்பருன்னு போட்டிருக்குது. இதை வெட்டி ஒட்டி நியூஸ் ரீலா ஊர் ஊருக்கு அனுப்பிருப்பாங்க. அப்பெல்லாம் மெயின் படத்துக்கு முன்னாடி நியூஸ் ரீல் ஓட்டியே ஆவணும், சர்க்கார் ரூலு. நம்ம பக்கத்து டெண்ட்டுக் கொட்டாய்க்கெல்லாம் வந்து சேர எப்படியும் தை மாசம் ஆயிருக்கும். எங்கத்தா கொட்டாயிலதான ஆபரேட்டரு, சொல்லிக் கேட்டிருக்கறேன்.

— தை மாசமா?

— ஏன் அண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு?

— எங்கம்மா செத்தது மாசி.

— அம்மா கெணத்துல தவறி வுழுந்துட்டாங்கன்னு...

— தவறி வுழுந்தாங்கன்னு மரியாதைக்குச் சொல்றதுங்க. ஊருல வேற பேச்சு. உங்களுக்குத் தெரியாதா?

— காதுல வுழுந்திருக்குது. உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு கேட்டதில்ல.

— கேளுங்க. எல்லாரும் கேட்டதுதான். எங்கம்மா பேரு அமுதவல்லி. அந்தப் பேரைச் சொல்லி எவனும் கூப்புட்டு நான் கேட்டதில்ல. பேய் புடிச்சவன்னுதான் சொல்லுவாங்க. நான் பேய் புடிச்சவ மவன். பள்ளிக்கோடத்துல வாத்தியாரே அப்பிடித்தான் கூப்புட்டாரு. எனக்கு அப்ப ஒரு வயசு, மடியில இருந்தனாம். பக்கத்துல எங்கத்தை தீர்த்தம்மாள் குந்தியிருந்துச்சு. கொட்டாயில படம் இன்னும் ஆரம்பிக்கலை. சண்டைப்படம் ஓடுது. எங்கம்மா திடீர்னு என்னைத் தரையில போட்டுட்டு எந்திரிச்சுதாம். "ஐயோ, எந்திரிங்க! எந்திரிங்க!"ன்னு தெரையைப் பாத்து ஒரே கத்தாம்.

— யா அல்லா.

— படத்தைப் பாதியில நிறுத்திட்டு வெளிய தூக்கிட்டு வந்தாங்களாம். வூட்டுக்கு வந்தும் அடங்கலை. "அவுரு செத்துட்டாரு, நான் பாத்தேன், செத்துட்டாரு"ன்னு ஒரே பொலம்பலு. எங்கப்பனைப் பெத்த கெழவிக்குக் கோவம் வந்திருச்சு. வராதா? மவங்கிட்டயிருந்து அதுக்கு மொத நாளுதான் காயிதம் வந்திருக்குது, சவுக்கியமா இருக்கறேன்னு. உசுரோட இருக்கற புள்ளையைச் செத்துட்டான்னு ஒருத்தி சொன்னா? வாயிலயே அறைஞ்சுதாம். "காயிதம் பழசு அத்தை, நான் பாத்தது புதுசு"ன்னு எங்கம்மா சொல்லியிருக்குது. அதையும் பேயி பேசுதுன்னுட்டாங்க.

— உங்கம்மா சொன்னதுல ஞாயம் இருக்குதே அண்ணே.

— ஞாயத்தை எவன் கேட்டான்? கொட்டாய்க்குப் போற வழியில புளியமரம். அங்கதான் புடிச்சுதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. பூசாரி வந்தான். வேப்பந்தழைல அடிச்சு, மயிரைப் புடிச்சு மரத்துல ஆணியடிச்சு, மொளகாப் பொகை போட்டு... அத்தை இதைச் சொல்லும்போதெல்லாம் மூஞ்சைத் திருப்பிக்கும். அமாவாசை முடிஞ்சு ரெண்டாம் நாளு, கட்டை அவுத்துகிட்டு ஓடிருச்சு. கெணத்துல எடுத்தாங்க.

— சுத்தி அத்தனை ஜனம் இருந்துச்சே. ஒருத்தருக்குமா தெரையில ஆளு தெரியலை?

— இந்த மூஞ்சியைப் பாருங்க. மண்ணை அப்பி, பாதி மூட்டைக்குள்ள பொதைஞ்சிருக்குது. கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள போயிரும். பெத்தவளுக்கே தெரிஞ்சிருக்காது. எனக்கே தெரியலையே. இந்தக் காலும் கையும் இருக்குதே, இது கட்டுனவளுக்குத்தான் பாய் தெரியும். பக்கத்துல படுத்தவளுக்குத்தான் தெரியும்.

— அண்ணே, அழுவாதீங்க.

— அழுவலை. சந்தோசம் பாய். எங்கம்மாவுக்குப் பேயும் புடிக்கலை, பைத்தியமும் புடிக்கலை. புருசன் செத்துக் கெடக்கறதைக் கண்ணால பாத்திருக்குது. பாத்ததைத்தான் சொல்லியிருக்குது. ஒரு நாயி நம்பலை.

— உங்க போனு அடிக்குது. வூட்டுலயிருந்து போல இருக்குது.

— ஸ்பீக்கர்ல போடுங்க, கையெல்லாம் டீ. சொல்லு கண்ணம்மா.

— ஏங்க, போட்டா வாங்கியாச்சுங்களா? பந்தக்காரன் வந்து நிக்கறான். இன்னொண்ணு, கம்பைநல்லூர்க்காரங்க போன் பண்ணாங்க. நாளைக்குப் படத்திறப்புக்கு மாப்பிள்ளை வூட்டுல எட்டுப் பேரு வராங்களாம்.

— வரட்டும். நல்லதுதானே.

— நல்லது எங்க? பையனோட பெரியம்மாக்காரி சுத்தி வளைச்சு அதையே கேக்குது. "உங்க மாமியாரு எப்பிடிப் போனாங்க, அந்த மாதிரி கோளாறு வழிவழியா வரும்னு சொல்றாங்களே"ன்னுது. நம்ம புள்ள வெண்மதி பக்கத்துலயே நின்னு கேட்டுட்டு உள்ள போயிருச்சு. இன்னும் சாப்புடலை. ஏற்கெனவே ரெண்டு எடம் இதாலயே தட்டிப் போச்சு. இதுவும் போச்சுன்னா அந்தப் புள்ள தாங்காதுங்க. நான் என்னாத்தைச் சொல்லட்டும்?

— வெண்மதியைச் சாப்புடச் சொல்லு. எங்கம்மாவுக்குப் பைத்தியம் இல்லடி. நாளைக்கு அத்தனை பேரு முன்னாடி நானே மைக்கைப் புடிச்சுச் சொல்றேன்.

— ஏங்க, காத்தாலயேவா குடிச்சீங்க?

— பாயி கடையில எவண்டி குடிப்பான்? வை போனை. வந்து சொல்றேன்.

— அண்ணே.

— இதை நாளைக்குப் பந்தல்ல போட்டுக் காட்ட முடியுமா பாய்? கல்யாணத்துக்கு வெக்கறீங்களே பெரிய தெரை, அதுல. கம்பைநல்லூர்க்காரங்களை முன்னாடி குந்த வெக்கறேன். ஊர்க்காரங்களையும். பூசாரி மவன் இருக்கறான், அவனையும்.

— போடலாம். ஆனா அண்ணே, அதுக்கு முன்னாடி நீங்க மீதியையும் பாத்துருங்க. நான் நிறுத்துனது பாதியில.

— இன்னும் என்ன இருக்குது?

— நியூஸ் ரீலுக்கு இவ்வளவுதான் எடுத்துகிட்டாங்க. இது வெட்டாத ரீலு. பாருங்க.

— கெடக்கறாரு. கெடக்கறாரு. பொகை வருது. யாரு இவன், தொப்பி போட்டுட்டுக் குறுக்க வரான்?

— படம் புடிக்க வந்தவன். உங்கப்பா தோள்ல தட்டறான் பாருங்க.

— எந்திரிக்கிறாரு.

— ஆமாண்ணே.

— எந்திரிச்சுட்டாரு பாய். மண்ணைத் தட்டறாரு. சிரிக்கிறாரா அவுரு?

— சிரிக்கிறாரு. அவன் சிகரெட்டு குடுக்கறான், வாங்கிக் காதுல சொருவறாரு. பின்னால ரெண்டு சிப்பாயிங்க கை தட்டறாங்க. இது சண்டை நடந்த எடமே இல்லண்ணே. பின்னால சமையல் கூடாரம் தெரியுது, அண்டா கவுத்து வெச்சிருக்குது. படத்துக்காகப் படுக்கச் சொல்லியிருக்கறாங்க. எனக்கு மொதல்லயே சந்தேகம். செத்தவன் எவனாச்சும் கன்னத்துக்குக் கை குடுத்துட்டுப் படுப்பானா?

— எந்திரிங்க எந்திரிங்கன்னு கத்துச்சு பாய் எங்கம்மா. அவுரு எந்திரிச்சிருக்கறாரு. அதை வெட்டிட்டானுங்களே. இன்னும் ஒரு நிமிசம் ஓட வுட்டிருந்தா, சிரிச்சுட்டு எந்திரிக்கறதைப் பாத்துட்டு அது என்னைத் தூக்கி மடியில போட்டுட்டுப் படம் பாத்திருக்கும்.

— வெட்டுனவனுக்கு இது எப்படித் தெரியும்? பாவம் யாரைச் சொல்ல?

— யாரையும் சொல்லலை. எங்கப்பனையும் சொல்லலை. இருவத்தி மூணு வயசுப் பையன். படுறான்னா படுத்துட்டாரு. ஒரு சிகரெட்டுக்கு.

— திரும்பி வந்தப்ப உங்கப்பா என்ன சொன்னாரு?

— வந்தது சித்திரையில. தந்தி குடுத்து, லீவு கெடைச்சு வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. அப்புறம் பட்டாளத்துக்குப் போவவே இல்ல. தர்மபுரியில சர்க்கார் ஆபீஸுல பியூனாச் சேந்தாரு. இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலை. பத்துப் பாத்தரம் தேச்சு, எனக்குச் சோறு பொங்கிப் போட்டு ஆளாக்குனாரு. ஊருல எவனாச்சும் அம்மாவைப் பத்திப் பேசுனா தலையைத் தொங்கப் போட்டுக்குவாரு. வாயைத் தொறக்க மாட்டாரு.

— தெரிஞ்சிருக்குமோ?

— என்னா?

— இல்லண்ணே. இந்தப் படத்தைப் பத்தி அவருக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு கேட்டேன்.

— தெரிஞ்சிருக்காது பாய். எப்பிடித் தெரியும்? சொல்றன் கேளுங்க. வெண்மதிக்கு மொத எடம் தட்டிப் போனப்ப அவுரு வாசல்ல கட்டில்ல குந்தியிருக்கறாரு. வந்தவங்க அவுரு மூஞ்சிக்கு நேராக் கேட்டாங்க, "பெரியவரே, உங்க சம்சாரத்துக்குக் கோளாறாமே"ன்னு. கண்ணுல தண்ணி வுட்டாரு, அவ்வளவுதான். பேத்தின்னா உசுரு அவுருக்கு. தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டாரா? எங்கம்மா பைத்தியம் இல்லன்னு ஒரு வார்த்தை. பேத்திக்காகவாச்சும் சொல்லியிருப்பாரு. என்னை வாத்தியாரு பேய்மவனேன்னு கூப்புட்டதை அழுதுட்டே வந்து சொன்னப்ப, அப்பவாச்சும் சொல்லியிருப்பாரு.

— அதுவும் சரிதான்.

— அந்த ஒண்ணுதான் பாய் இப்ப எனக்கு ஆறுதலு. மனுசன் ஒண்ணும் தெரியாம போய்ச் சேந்தாரு. தெரிஞ்சிருந்தா நெஞ்சு வெடிச்சு அன்னிக்கே போயிருப்பாரு. நாளைக்கு ரெண்டு பேருக்கும் சேத்து வணங்கிக்கறேன். அம்மா மேல பழி போச்சு, அப்பா மேல குத்தமில்ல. வெண்மதிக்கு வழி தொறந்துருச்சு. இதைவிட வேற என்ன வேணும்?

— அப்ப எந்தப் படத்தை ஃப்ரேம் போடறது? செத்ததையும் போட முடியாது, சிரிக்கறதையும் போட முடியாது.

— சிரிக்கறதைப் பாத்தா அம்மா கத்துனதுதான் நெனப்புக்கு வரும். அது வேணாம்.

— நான் இன்னொண்ணும் எடுத்து வெச்சிருக்கறேன். இதைக் காட்டத்தான் உங்களைக் கூப்புட்டதே, முன்னாடி அந்தச் சண்டை ரீலு வந்து குறுக்க நின்னுருச்சு. அறுவத்தி நாலுல தர்மபுரி ஆபீஸுல எடுத்தது. சர்க்கார் ஆபீஸு எப்படி நடக்குதுன்னு ஒரு டாகுமெண்டரி. இதுவும் வெட்டாத ரீலுதான். படம் கண்ணாடி மாதிரி இருக்குது.

— போடுங்க, போடுங்க. அட, என்னா ஃபேனு இது, வண்டிச் சக்கரமாட்டம்! டைப் அடிக்கிற அம்மாவுங்க வரிசையா குந்தியிருக்கறாங்க. ஃபைலைப் பாருங்க, வெறகு கட்டுனாப்பல கட்டி வெச்சிருக்கறானுங்க. இந்த குமாஸ்தா மூக்குப்பொடி போடறான் பாருங்க, கேமராவுக்குத் தெரியாதுன்னு நெனச்சுகிட்டு.

— கதவாண்ட பாருங்க.

— அப்பா!

— கரெக்டா?

— காக்கி சட்டை, நெஞ்சுக்குக் குறுக்க டவாலி, பித்தாளை வில்லை வேற! தலையைப் படிய வாரிட்டு ஸ்டூல் பக்கத்துல நிக்கறாரு. என்னா அழவு பாய் எங்கப்பன்! கலெக்டரே இவுருதான்னு சொன்னா நம்புவானுங்க. இதுதான். இதையே போடுங்க. நாலடி ஒசரத்துக்குப் போடுங்க.

— இந்த ஃப்ரேம் பாருங்க, நேரா கேமராவைப் பாக்கறாரு. இதையே எடுத்துக்கறேன். அப்பிடியே ஃபிளெக்ஸுக்கும் வெச்சுக்கலாம். பாதியில ஏதோ பேசறாரு, வாயி அசையுது.

— பேசறாரா? சத்தம் இல்லையே.

— சவுண்டு தனி ஃபைலா இருந்துச்சு. காத்தாலதான் சேத்தேன், நானே இன்னும் கேக்கலை. ஸ்பீக்கரை ஆன் பண்றேன், ஒரு நிமிசம் அண்ணே.

— அப்பன் கொரலு இருவத்தஞ்சு வயசுல எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது பாய். கொஞ்சம் சத்தமா வைங்க. நாளைக்குப் பந்தல்லயும் இதைப் போடுவோம், கம்பைநல்லூர்க்காரங்களும் கேக்கட்டும்.

— மொதல்ல கேக்கறது டைரக்டரா இருக்கும். இந்தா, வருது.

— "யாருப்பா அங்க, பியூன்! அந்த ஸ்டூல்ல உக்காந்து தூங்கற மாதிரி கண்ணை மூடிக்கோ. ஒரு நிமிஷம் போதும். ஜனங்க பாத்து சிரிக்கணும்."

— "வேணாங்க சார்."

— கேட்டீங்களா பாய்! இதான், இதேதான் கொரலு. ஒண்ணும் மாறலை.

— "அட, நெஜமா தூங்கச் சொல்லலைப்பா. சும்மா நடிப்புதான். இதுல என்ன வந்துது உனக்கு?"

— "போன தடவையும் நடிப்புன்னுதாங்க சொன்னாங்க. சண்டைப்படத்துல செத்தவனாட்டம் படுத்தேன். எங்கூர் கொட்டாயில எம் பொஞ்சாதி அதைப் பாத்துட்டு கெணத்துல வுழுந்துட்டா. பேய் புடிச்சுத்தான் அவ செத்தான்னு ஊரே சொல்லுதுங்க சார். நானும் ஆமான்னுதான் சொல்லிகிட்டு இருக்கறேன்."